எருக்குழிப் பாகம்

அன்றைக்கு எருக்குழியைச் சுற்றி நின்றவர்கள் ஏழரைப் பேர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் ஒருவன். என் மனைவி தெய்வாத்தாள். என் தம்பி நாச்சிமுத்து. அவன் மனைவி ருக்குமணி. எங்கள் அம்மாவின் தம்பி மாரப்ப மாமா, பாகம் பிரித்துக் கொடுக்க வந்தவர். கூடை சுமக்க வந்த கண்ணம்மாள், வசந்தா. ஏழு ஆயிற்றா? பொக்லைன் வண்டி கொண்டுவந்த ஓட்டுநர் பாதியிலேயே கோபித்துக்கொண்டு போய்விட்டார், அதனால் அவர் அரை. எருமை ஒன்றும் கடைசி வரை நின்றது. அதை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மாமா சொன்னார். நான் சேர்க்கவில்லை.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். மாடித் தோட்டத்து ரோஜாவுக்கு மக்கிய எரு வேண்டும், எத்தனை கூடை கொடுப்பீர்கள் என்று கேட்டீர்கள். எண்ணிக்கையை மட்டும் சொன்னால், இவ்வளவு பெரிய மாட்டுக் கட்டுத்தரையை வைத்துக்கொண்டு இந்தக் கிழவன் மறைக்கிறான் என்று நினைப்பீர்கள். அதனால்தான் முழுதும் சொல்கிறேன். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துங்கள். சாக்கு கொண்டுவந்திருக்கிறீர்களா? நல்லது.

பக்கத்து வீட்டில்தான் முதலில் கேட்டீர்களா? அவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்கள். "அண்ணனக் கேளுங்க, கணக்கெல்லாம் அவருகிட்டத்தான்." அண்ணன் என்றே சொன்னானா? அந்த வீட்டுக்காரர் என்று சொல்லவில்லையே? சரி. ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனேன். அங்கேயும் வாத்தியார் கேட்டால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வேன், அவன் எழுந்து சொல்வான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையைத் தெய்வாத்தாள் பார்க்கிறாள். நான் அவள் காதில் சொல்வேன், அவள் ஊருக்குச் சொல்வாள். என் குரல் எனக்கு, அவள் குரல் மூன்று காடு தாண்டும்.

ஆனால் எண்ணச் சொன்னால் எண்ணுவேன். அதில் பிசகமாட்டேன்.

குழியைப் பற்றிச் சொல்கிறேன். நகரத்துக்காரர்கள் சாணியை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டுச் செடி பொசுங்கிவிட்டது என்கிறார்கள். பொசுங்காதா பின்னே? பச்சைச் சாணி சூடு. அதைக் குழியில் போட்டு, மேலே மாட்டு மூத்திரம் ஊறின சோளத்தட்டு, அதற்கு மேலே அடுப்புச் சாம்பல், மறுபடி சாணி என்று அடுக்க வேண்டும். வெயில் படாமல் தென்னோலை போட்டு மூட வேண்டும். அது உள்ளுக்குள் வெந்து, ஆறி, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிர வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் ஒரு நாற்றமும் இருக்கக் கூடாது. அதுதான் எரு.

எங்கள் குழியை நான் ஒருவன்தான் பார்த்தேன். தம்பி வாழைக்கும் மஞ்சளுக்கும் தண்ணீர் கட்டப் போவான், சந்தைக்குப் போவான். குழிப் பக்கம் யாரையும் விடமாட்டேன். அடுக்கு கலைந்துவிடும். ருக்குமணி ஒரு தடவை வெங்காயத் தோலைக் கொண்டுவந்து மேலே கொட்டிவிட்டாள். பெண்பிள்ளையை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறுக்கி எடுத்துத் திரும்ப அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இப்படி ஒற்றுமையாக இருந்த குடும்பம், ஒரு மண்வெட்டியால் பிரிந்தது.

மண்வெட்டி எங்கள் அப்பா காலத்தது. கொல்லன் உலையில் அடித்த தகடு, வேலமரப் பிடி. ஒருநாள் பார்த்தால் காணவில்லை. நான் தம்பியைக் கேட்டேன். எடுத்தாய் என்று சொல்லவில்லை. எடுத்திருந்தால் சொல் என்றேன். "நான் எடுக்குலீங்கண்ணா" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். மறுபடி சாப்பிடும்போது கேட்டேன். அவன் மாமனார் ஊரில் அப்போது கிணறு தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அங்கே ஏதாவது போயிருக்குமோ என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ஒரு வருஷத்தில் மொத்தம் ஏழு தடவை கேட்டிருப்பேன். ஏழாவது தடவை ருக்குமணி சோற்றுப் போசியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "மாமா, எங்கூட்டுல மம்புட்டிக்குப் பஞ்சமில்லீங்க" என்றாள். அவள் அப்படிப் பேசலாமா? எட்டாவது தடவையாகக் கேட்டேன், அதுவும் மெதுவாகத்தான். தம்பி எழுந்து கை கழுவினான். "பிரிச்சுருங்கண்ணா" என்றான்.

மாரப்ப மாமா வந்தார். எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியுமா? மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்குத் தேர்வு இல்லை. அதனால் அவன் ஒரு முழம்கூடக் கூட்டாமல் குறைக்காமல் பிரிப்பான். நல்ல முறை. விளைகிற காட்டைப் பிரித்தேன், அவன் எடுத்தான். வீடு பிரித்தேன், நடுவில் சுவர் வைத்தோம். மாடுகள் இரண்டு எனக்கு, எருமையும் கிடாரிக் கன்றும் அவனுக்கு. எல்லாம் முடிந்தது என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

நான் தெய்வாத்தாள் காதில் சொன்னேன்.

"ஏனுங், எருக்குழிய உட்டுட்டீங்களாமா!" என்று அவள் சொன்னாள். மூன்றாவது காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மாமா மறுபடி உட்கார்ந்தார். "ஏண்டா சென்னியப்பா, சாணியையுமா?"

"மாமா, அண்ணனே முழுசும் வெச்சுக்கட்டும்" என்றான் தம்பி.

அது எப்படி முடியும்? அதில் அவன் எருமைச் சாணியும் இருக்கிறது. இன்னொருவன் பொருள் எனக்கு வேண்டாம். எருமை போடுவது மாட்டைப் போல இல்லை, அதிகம். அதை நான் வைத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு பேச்சு வரும். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவன் பொக்லைன் வண்டியைக் கூட்டிவந்தான். ஓட்டுநர் குழியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தப் பக்கம் நாலு வாரு, இந்தப் பக்கம் நாலு வாரு. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுரும்" என்றார். வாரு என்றால் என்ன அளவு? அந்த இரும்புக் கையில் எத்தனை கூடை பிடிக்கும்? ஒரு தடவை வழித்து எடுத்து வந்தால் நிறைய வரும், ஒரு தடவை பாதி சிந்தும். அடியில் இருப்பது மக்கிய எரு, மேலே இருப்பது பச்சை. இரும்புக் கைக்கு அது தெரியுமா? நான் தெய்வாத்தாளிடம் சொன்னேன். அவள் ஓட்டுநரிடம் சொன்னாள். அவர், "எம்பட சர்வீசுல சாணிக்குப் பாகம் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். டீயையும் குடிக்கவில்லை.

கூடைக் கணக்கு என்று முடிவாயிற்று. எல்லைக்கல்லுக்குக் கிழக்கே ஒரு குவியல், மேற்கே ஒரு குவியல். ஒரு கூடை இந்தப் பக்கம், ஒரு கூடை அந்தப் பக்கம். அப்படிப் போட்டால் பச்சையும் மக்கியதும் இருவருக்கும் ஒரே அளவு வந்துவிடும். யோசனை என்னுடையதுதான். தம்பி குழிக்குள் இறங்கி வெட்டிக் கூடையில் நிரப்பினான். கண்ணம்மாளும் வசந்தாவும் சுமந்தார்கள். மாமா வாய்விட்டு எண்ணினார். நான் ஒரு கூடைக்கு ஒரு புளியங்கொட்டை என்று மடியில் போட்டுக்கொண்டேன். மாமாமேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவர் எண்ணும்போது நடுவில் வெற்றிலை போடுவார்.

ஒரு சிக்கல். கண்ணம்மாள் கூடையில் கோபுரமாக வாங்கிக்கொண்டு நடப்பாள். வசந்தா விளிம்போடு தட்டிவிடுவாள். கண்ணம்மாள் எப்போதும் கிழக்கே, வசந்தா எப்போதும் மேற்கே என்று போனால் நியாயமாகுமா? பத்துக் கூடைக்கு ஒருமுறை பக்கம் மாற்றச் சொன்னேன். மாற்றும்போது இருவரும் குழியோரம் இடித்துக்கொண்டார்கள். "அக்கா, பொண்ணுப் பாக்க வந்தப்பக்கூட என்னைய இப்படி நடக்கச் சொல்லிப் பாக்குலக்கா" என்றாள் வசந்தா. ருக்குமணி சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்துத் தெய்வாத்தாளும் சிரித்தாள். பாகப் பேச்சு வந்த பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். காரியத்தில் கவனம் இல்லை.

இன்னொரு சிக்கல், அதுதான் முக்கியம். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், இரண்டு, மூன்று. அந்த லாபம்தான் ஒன்று. குழந்தைக்கும் தெரியும். மாமா என்ன செய்தார்? முதல் கூடைக்கு "லாபம்" என்றார். "மொதக் கூடை சாமிக்குடா, கல்லு மேல கொட்டு" என்று எல்லைக்கல்லின் தலையிலேயே கொட்டச் சொன்னார். அடுத்த கூடைக்கு "ஒண்ணு" என்றார்! நான் உடனே தெய்வாத்தாளைத் தொட்டேன். அவள் ருக்குமணியோடு பேசிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஐந்து ஆகிவிட்டது.

நடுவில் எருமை வந்து கிழக்குக் குவியல்மேல் சாணி போட்டது. சூடாக. அது தம்பியின் எருமை. கிழக்குக் குவியல் அவனுக்கா எனக்கா என்று இன்னும் முடிவாகவில்லை. அதை அள்ளித் தனியே வைக்கச் சொன்னேன். "இருக்கட்டுங்கண்ணா" என்றான் குழிக்குள்ளிருந்து. அவனுக்கு எல்லாமே இருக்கட்டும்தான்.

மாமா "எரநூத்திப் பதினேழு" என்று சொன்னபோது குழிக்குள் டங் என்று ஒரு சத்தம்.

தம்பி குனிந்து கையால் துழாவினான். ஒரு இரும்புத் தகட்டை எடுத்து, அப்பியிருந்ததைத் துடைத்தான். கொல்லன் அடித்த குறி தெரிந்தது. அப்பாவின் மண்வெட்டி. பிடி இல்லை. மரமல்லவா, கறையான் தின்று அதுவும் எருவாகிவிட்டது. அதுவரைக்கும் எண்ணின கூடைகளில் அந்தப் பிடியும் போயிருக்கும், இரண்டு பக்கமும் பாதிப் பாதி என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எதற்கு என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் குழிப் பக்கம் என்னைத் தவிர யாரும் வந்ததில்லை. வெட்டினதும் நான், அடுக்கினதும் நான், மூடினதும் நான். வேறு யாரையும் நான் அண்டவே விட்டதில்லை. அப்படியிருக்கும்போது மண்வெட்டி எப்படி உள்ளே போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, தண்ணீர் குடியுங்கள்.

தெய்வாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எருமைக்குப் பின்னால் போய்விட்டாள்.

தம்பி சிரிக்கவில்லை. குழிக்குள் நின்றபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். முழங்கால் வரை எரு. "கெடச்சுருச்சில்லீங்கண்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மாமா வெற்றிலையைத் துப்பினார். "மம்புட்டி கெடச்சுருச்சு. இனி எதுக்குடா பாகம்? செவத்த இடிங்கடா. ரெண்டு குவியலையும் ஒண்ணாத் தள்ளுங்க. ருக்குமணி, போயி எல்லாத்துக்கும் சேத்து உலை வை போ" என்றார்.

ருக்குமணி போகவில்லை. என்னைப் பார்த்தாள். கண்ணம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். தம்பியும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் சின்ன வயதில், சந்தையில் பொரிகடலை வாங்கித் தருவேனா என்று பார்ப்பான், அந்த மாதிரி.

நான் தெய்வாத்தாளைத் தேடினேன். அவள் எருமைக்குப் பின்னால் இருந்து வந்தாள். காதில் சொன்னேன். அவள் கேட்டாள், கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவள் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். மறுபடி சொன்னேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. நாலு பேர் முன்னால், சத்தமாக.

"இருநூற்றிப் பதினேழு எண்ணியாயிற்று மாமா. நடுவில் நிறுத்தினால் கணக்குக் கெட்டுவிடும்."

தவறா? நீங்கள் சொல்லுங்கள். இருநூற்றிப் பதினேழு ஒற்றைப்படை. அந்த நேரத்தில் ஒரு பக்கம் ஒரு கூடை அதிகம். நான் சேர்ந்திருக்க வேண்டாம் என்றா சொன்னேன்? முதலில் எண்ணி முடிப்போம், பிறகு பேசலாம் என்றுதான் மனதில் இருந்தது. அந்தப் பிற்பாதி வாய்க்கு வரவில்லை. முதல் பாதிக்கே எனக்கு வியர்த்துவிட்டது.

தம்பி தகட்டைக் குழியோரம் வைத்தான். "எண்ணுங்க மாமா" என்றான்.

அதற்குப் பிறகு மாமாவின் எண்ணிக்கை மட்டும்தான் கேட்டது. வசந்தாகூட இடித்துக்கொள்ளாமல் பக்கம் மாறினாள். மாமா கணக்கில் முந்நூற்றிப் பன்னிரண்டு. என் மடியில் முந்நூற்றிப் பதின்மூன்று கொட்டை. அவர் அந்த லாபத்தை விட்டுவிட்டார் அல்லவா, அதுதான். நான் காட்டினேன். "எப்படி எண்ணுனாலும் ஒண்ணு மீதிதாண்டா, போடா" என்றார் மாமா. ஆளுக்கு நூற்று ஐம்பத்தாறு. எல்லைக்கல்மேல் ஒன்று.

எடு என்றேன் தம்பியிடம். அவன் மேற்குக் குவியலைக் காட்டினான். அவன் காடு கிழக்கே இருக்கிறது! பக்கத்துக் குவியலை எனக்கு விட்டுவிட்டு, தூரத்துக் குவியலை எடுத்துக்கொண்டான். அதைக் கொண்டுபோக இரண்டு முறை வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று அவனுக்கு. சரியாகப் பார்க்காமல் எடுத்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், திருவிழாவில் பலூன் எடு என்றால் சின்னதை எடுப்பான்.

அது தை மாதம். இப்போது ஆடி. அவன் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்குத் தொடங்க வராது. ஆனால் பூச்சிமருந்துக்காரர் வந்தாலும், தேங்காய் வியாபாரி வந்தாலும், வழி தெரியாமல் யாராவது வந்தாலும் "அண்ணனக் கேளுங்க" என்று இங்கே அனுப்பிவிடுகிறான். நான் சொல்லி அனுப்புகிறேன். வந்தவர்களிடம் நானும், தம்பிக்கு இப்போது வாழை எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா என்று கேட்டுக்கொள்வேன். உங்களிடம் இருமினானா? இல்லையா? நல்லது.

ஆக, எருக் கணக்கு இதுதான். என் நூற்று ஐம்பத்தாறும் மஞ்சளுக்குப் போயிற்று. அவனுடையது வாழைக்கு. புதுக் குழிகள் இரண்டும் இன்னும் பச்சை, உங்கள் ரோஜாவைக் கொன்றுவிடும். மிச்சம் அந்தக் கல்மேல் இருக்கும் ஒன்று. மழையில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, ஆனாலும் ஒன்றுதான். மண்வெட்டித் தகட்டை அதன்மேல்தான் வைத்திருந்தேன், அதுவும் ஒற்றை, பிரிக்க முடியாது. போன வாரம் பார்த்தால் தகட்டைக் காணவில்லை. நான் யாரையும் சொல்லவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. ஒரு தடவைகூட.

எருவை உங்களுக்குக் கொடுத்துவிடலாம், விலை வேண்டாம். ஆனால் நான் ஒருவனாகக் கொடுக்க முடியாது. நீங்கள் போய்த் தம்பியைக் கூட்டிவாருங்கள். அண்ணன் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டாம். எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள்.

வேண்டாம், உட்காருங்கள். அவனே வருகிறான். தோளில் என்ன?

"ஏனுங்கண்ணா, அவரு வந்து எத்தன நேரமாச்சு? சாக்கோட நிக்கறாரு. கத முடிஞ்சுதுங்களா?"

கேட்டீர்களா? ஏனுங்கண்ணா என்றான். நீங்கள் அவனிடம் சொல்லுங்கள், முடிந்துவிட்டது என்று. சொன்னீர்களா? சரி. அது மண்வெட்டிதான். பிடி புதிது. வேலமரம்தான் போட்டிருக்கிறான், நன்றாகச் செதுக்கியிருக்கிறான், ஒரு சிராய் இல்லை.

"சாக்கப் புடிங்க. அண்ணா, எண்ணுங்க."

லாபம்.

"லாபமில்லீங்கண்ணா. ஒண்ணு."

ஒன்று. ஆமாம், அதைத்தான் அன்றைக்கு மாமாவிடம் சொன்னேன். நீ சாக்கைக் குலுக்கு, அவர் சாக்கில் இன்னும் கொஞ்சம் கொள்ளும். கல்லின் இடுக்கில் இருப்பதையும் சுரண்டிப் போடு. போதும். தெய்வா, இரண்டு பேருக்கு மோர் கொண்டுவா. இல்லை, இவரையும் சேர்த்து மூன்று. ருக்குமணி சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள், காது தெரிகிறது. நான்கு.

"இந்த மம்புட்டி யாருக்குங்கண்ணா?"

இது என்ன கேள்வி? ஒன்றை எப்படிப் பிரிப்பது? அங்கேயே கல்லோரம் சாத்திவை. உனக்கு வேண்டும்போது நீ எடு, எனக்கு வேண்டும்போது நான். ஆனால் எடுக்கும்போது வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடு. வைக்கும்போதும் சொல். அது மட்டும் கண்டிப்பு.

உங்கள் சாக்கை வண்டியில் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு கூடை போயிற்று, எருக் கணக்கு நேர். மண்வெட்டி இருக்கிறது.

மீதி ஒன்று.